காப்பாளரின் நெஞ்சையும் பாருங்கள்

மிருகக்காட்சிசாலையில் ஒரு விலங்கு செத்தால்தான் பலருக்குப் பாக்டீரியா ஞாபகமே வருகிறது. பிரேதப் பரிசோதனை, காசநோய் என்று அறிக்கை, ரெண்டு நாள் பரபரப்பு, அவ்வளவுதான். இதற்குப் பெயர் கண்காணிப்பா?

காட்டு விலங்கு நோயை லேசில் காட்டிக்கொள்ளாது. யானைக்குக் காசநோய் முற்றி உடல் இளைக்கும்போது, அதற்குள் எத்தனை பேர் அதன் மூச்சுக்காற்றை வாங்கியிருப்பார்களோ! அதனால்தான் நன்றாகத் தின்றுகொண்டிருக்கிற யானைக்கே சோதனை செய்கிறார்கள். தும்பிக்கைத் துவாரத்தில் உப்புநீரை ஊற்றி, தும்பிக்கையைத் தூக்கவைத்து, அப்புறம் இறக்கி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஊதச் சொல்வார்கள். நடுவிலேயே சிந்திவிட்டால் திரும்ப முதலிலிருந்து. இப்படி வெவ்வேறு நாளில் மூன்று முறை. ஆய்வகத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க எட்டு வாரம் வரை ஆகும். அதிலும் கிருமி எப்போதும் வெளியே வந்துகொண்டிருக்காது என்பதால், ஒருமுறை 'இல்லை' என்று வந்ததை நம்பி உட்கார முடியாது.

2013-ல் அமெரிக்காவின் ஓரிகனில் ஒரு மிருகக்காட்சிசாலையில் மூன்று ஆண் யானைகளுக்குக் காசநோய் இருந்தது தெரியவந்தது. பழகியவர்களில் 96 பேரைச் சோதித்ததில் ஏழு பேருக்கு உள்ளுறைத் தொற்று, அதாவது கிருமி உடம்பில் இருக்கும், நோய் வெளியே தெரியாது. எல்லோரும் யானையைத்தான் குற்றம் சொல்வார்கள், ஆனால் வளர்ப்பு யானைகளிடம் பெரும்பாலும் காணப்படுவது மனிதர்களிடம் இருக்கிற அதே காசநோய்க் கிருமி. அதாவது, நாம் கொடுத்துத்தான் அதற்கே வருகிறது.

என் வாதம் இதுதான்: விலங்கின் நோய்ப் பதிவேடும் வேலையாட்களின் நோய்ப் பதிவேடும் ஒரே மேஜையில் இருக்கணும். கால்நடை மருத்துவர் ஒரு பக்கம், தொழிலாளர் மருத்துவர் ஒரு பக்கம் என்று இருந்தால் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியாது. வேலையாள் என்றால் காப்பாளர் மட்டுமில்லை. 2009-ல் அமெரிக்காவின் டென்னசி யானைச் சரணாலயத்தில், யானையின் பக்கமே போகாத அலுவலக ஊழியர்களுக்கும் தொற்று வந்தது. கொட்டிலும் அலுவலகமும் ஒரே காற்றைப் பகிர்ந்தன.

பார்வையாளர்களும் கணக்கில் உண்டு. 1996-ல் அமெரிக்காவின் டென்வர் மிருகக்காட்சிசாலையில் கொமோடோ உடும்பைப் பார்க்கப்போன குழந்தைகளுக்கு, வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் சால்மோனெல்லா கிருமித் தொற்று வந்ததே, ஒருவரும் உடும்பைத் தொடவில்லை! சுற்றியிருந்த மரத்தடுப்பைத்தான் தொட்டார்கள். உடும்பின் சாணத்தைச் சோதிக்கிறவர்கள் தடுப்பையும் துடைத்துச் சோதிக்கலாம், பெரிய செலவெல்லாம் இல்லை.

செலவு இருப்பது வேறு இடத்தில். காசநோய் மருந்தை மாதக்கணக்கில் சாப்பிடணும். அந்தக் காலத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, வேலை போகாது என்று ஒப்பந்தத் துப்புரவாளருக்கும் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் தனக்கு இருமல் இருக்கிறது என்று எவர் வந்து சொல்லப்போகிறார்?