ஸ்மித் பெயரில் ஒரு கட்டடம்

கறுப்பின வரலாற்று மாதத்தையொட்டி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. அங்கே படித்த கறுப்பின மருத்துவர் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித்தைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம். நியூயார்க்கில் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பர் என்பதாலேயே அமெரிக்கக் கல்லூரிகள் அவரைச் சேர்க்கவில்லை. கடல் கடந்து கிளாஸ்கோ போய் 1837-இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். அப்புறம் ஊர் திரும்பி மருந்துக்கடை வைத்தார், கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தில் வைத்தியம் பார்த்தார்.

அவருக்கு இடம் கொடுத்த அதே பல்கலைக்கழகம் அடிமை வணிகப் பணத்தாலும் வளர்ந்தது. 2018-இல் அவர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். 2021-இல் திறந்த புதிய கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. சரி, பிரிட்டனில் கறுப்பினப் பேராசிரியர்கள் இன்னும் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தானே இருக்கிறார்கள்? அந்தக் கட்டடத்தில் பாடம் நடத்த எத்தனை கறுப்பினத்தவரை நியமிக்கிறார்கள் என்றும் எழுதுங்கள்.