டாக்டரே வேணாம்னு சொல்றது தப்புங்க

மேல ஒரு அண்ணன் ‘போதை மறுவாழ்வு இல்லத்துக்கு டாக்டரே தேவையில்ல, குடிய விட்டுட்டு அங்கயே தொண்டு செய்யற சீனியர்ங்களே எல்லாத்தயும் பாத்துக்குவாங்க’ன்னு போட்டிருக்காரு, பாதி தான் சரிங்கண்ணா. அந்த வாலண்டியருங்க இல்லாம இல்லம் ஓடாதுங்கறது நெசம், சமையல் முறை போடறது, கூட்டம் நடத்தறது, புதுசா வந்தவரு வீட்டுக்குப் போறேன்னு பைய தூக்கும்போது பக்கத்துல உக்காந்து பேசறது, இதெல்லாம் பட்டவங்களுக்குத் தான் வரும். ஆனா வருசக்கணக்கா தினமும் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா மொத ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், வலிப்பு வரலாம், இல்லாத ஆளுங்க கண்ணுக்குத் தெரிவாங்க, உயிரே கூட போகலாம், அத அடம் பிடிக்கறான்னு நெனச்சு ரூம்ல போட்டு பூட்டினா என்னாகும்? மாத்திர, ஊசியெல்லாம் டாக்டர் தான் முடிவு பண்ணணும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல குடி, போதையால வர்ற மனநல பாதிப்பும் அடங்கும், அதனால இல்லத்துக்குப் பதிவு வேணும், வந்தவங்களுக்குச் சங்கிலி போடவே கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரில யார சேத்தாலும் பதிவு சான்றிதழ காட்டச் சொல்லுங்க, ராத்திரி வலிப்பு வந்தா எந்த டாக்டர் வருவாருன்னும் கேளுங்க. விசாரிக்க 14446ன்னு போதை மீட்பு உதவிக்கான இலவச நம்பர் இருக்கு, வீட்லயே வலிப்பு வந்துட்டா யோசிக்காம 108.