திருகாணியைத் தேடிய கேமரா

அம்மாவின் தோட்டுத் திருகாணி தொலைந்த அன்று, வெளியே சொல்லக்கூடாது, எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். வீட்டுக் கேமராவை வைத்துத் தொலைந்த பொருளைத் தேடும் ஏற்பாட்டை அப்போதுதான் முடித்திருந்தேன். சோதித்துப் பார்க்க ஏதாவது தொலைய வேண்டுமே!

பெரிய வித்தையெல்லாம் இல்லை. அம்மா ஒருமுறை வழுக்கி விழுந்த பிறகு ஹாலில் ஒன்று, அவர் அறையில் ஒன்று என்று மாட்டிய கேமராக்கள்தான். அந்த வீடியோவைப் பழைய கம்ப்யூட்டருக்கு இழுத்து, படத்தில் இருப்பது என்ன பொருள் என்று கண்டுபிடிக்கும் ஃப்ரிகேட் என்ற இலவச மென்பொருளில் ஓடவிட்டேன். படம் வீட்டைத் தாண்டாது என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. ஹாலைப் பகுதி பகுதியாகப் பிரித்து சோபா, டிவி ஸ்டாண்ட், சாப்பாட்டு மேஜை என்று பெயர் கொடுத்தேன். முதல் நாளே 'ரிமோட், சோபா, இரவு 9.40' என்று காட்டியது. புல்லரித்தது, பொய் சொல்லவில்லை.

அப்புறம் சாவியைத் தேடினேன். சாவி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியவில்லை. இந்த வகை மென்பொருள்கள் பலவும் பாடம் படித்தது 2014இல் வந்த கோகோ என்ற படத்தொகுப்பில். அதில் இருப்பது 80 வகைப் பொருள்கள். பனிச்சறுக்குப் பலகை உண்டு, பேஸ்பால் மட்டை உண்டு, ஹாட் டாக்கூட உண்டு. சாவி கிடையாது. மூக்குக்கண்ணாடியும் கிடையாது. எங்கள் வீட்டில் பனிச்சறுக்குப் பலகை இதுவரை ஒருமுறைகூடத் தொலைந்ததில்லை.

பெயரை எழுதிக் கேட்டால் தேடும் புது மாடல்களையும் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை. ஆனால் கண்ணே போதவில்லை. ஃபுல் எச்டி படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள். அகல லென்ஸில் 3 மீட்டர் தள்ளிக் கிட்டத்தட்ட 7 மீட்டர் அகலம் அதற்குள் அடங்குகிறது. கணக்குப் போட்டால் 5 செ.மீ. சாவிக்குச் சுமார் பதினான்கு புள்ளி, திருகாணிக்கு ஒன்று. தூசியும் தங்கமும் அதற்கு ஒன்றுதான்.

2024 மே மாதம் கூகுள் தன் ஆஸ்ட்ரா என்ற ஏஐ உதவியாளரைக் காட்டியபோது, 'என் கண்ணாடியை எங்கே பார்த்தாய்?' என்று கேட்க, 'மேஜையில், சிவப்பு ஆப்பிள் பக்கத்தில்' என்று பதில் வந்ததே, அந்த வீடியோவைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. அங்கே கண்ணாடி வெட்டவெளியில், மேஜைமேல் கிடந்தது. நம் வீட்டில் எது அப்படித் தொலைகிறது? போர்வை மடிப்பில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், யாரோ ஒருவர் கைக்குள் போய்தான் தொலைகிறது. பொருள் தானாக நடப்பதில்லை. அதைத் தேட வேண்டுமென்றால் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைக்குச் சொந்தக்காரரைப் பார்ப்பதில் இந்த மென்பொருள் கெட்டிக்காரன். கோகோவின் 80 பெயர்களில் முதல் பெயரே 'மனிதர்'.

அன்று அது திருகாணியைக் காட்டவில்லை. காலை 11.20க்கு, வீட்டு வேலைக்கு வரும் அக்கா கட்டிலருகே குனிந்து, எதையோ எடுத்து முந்தானையில் முடிகிற பதினான்கு நொடியைக் காட்டியது. சென்னையில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். "நான் அப்பவே நினைச்சேன்" என்றான். அவன் அதற்கு முன்பு எதையும் நினைத்ததாக எனக்குத் தெரியாது. நான் மட்டும் ஒழுங்கா? மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவை, அவர் கதவுப்பக்கம் சும்மா திரும்பியதுகூடத் திருட்டுமுழியாகத் தெரிந்தது. எட்டு வருஷமாக எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

மறுநாள் தலையணை உறையைத் துவைக்கப் போட்டபோது உள்ளேயிருந்து திருகாணி விழுந்தது.

வெளிநாட்டில் நடந்த ஒன்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரூம்பா என்ற வீடு பெருக்கும் ரோபோ, 2020இல் சோதனை ஓட்டத்தில் எடுத்த படங்களில் ஒரு பெண் கழிப்பறையில் உட்கார்ந்திருந்த படமும் இருந்தது. பொருள்களுக்குப் பெயர் குறிக்கும் வேலைக்கு அனுப்பிய இடத்திலிருந்து கசிந்து இணையக் குழுக்களுக்குப் போனது. 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ என்ற அமெரிக்கப் பத்திரிகை இதைச் செய்தியாக வெளியிட்டது. நாற்காலி எது, மேஜை எது என்று கற்றுக்கொள்ளப் போன இயந்திரம்தான் அது. நம் ஊரில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதைத் தொடுவதே இல்லை. அப்படியிருக்க அந்த அக்கா 'என்னை ஏன் படம் பிடித்தாய்' என்று எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பார்?

சாவிக்கொத்தில் இப்போது ப்ளூடூத் டேக் தொங்குகிறது. போனில் அழுத்தினால் கத்துகிறது. அது சொல்வது தன்னைப் பற்றி மட்டும்தான், அதனால் எனக்கு அதைப் பிடிக்கிறது. அம்மா அறைக் கேமராவைக் கழற்றிவிட்டேன். விழுந்தால் அழுத்த அவர் கையில் ஒரு பட்டன். முந்தானையில் அந்த அக்கா முடிந்துகொண்டது என்னவென்று இன்றுவரை தெரியாது. கேட்க முகமில்லை.

அந்தப் பதினான்கு நொடியை என் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். தம்பியிடம் "உன் போன்லயும் அழிச்சிடு" என்றேன்.

"இருக்கட்டுமே, என்ன இப்போ" என்றான்.