"எமது நிருபர்" நான்தான்

நான் ஊடகவியல் பட்டம் படிக்கும் இடத்தில் என்னைத் திருடி என்று சொல்லிவிட்டார்கள். வேறு யாருடையதையும் அல்ல, என் எழுத்தையே நான் திருடினேனாம். மூன்று நாளாகச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. எழுதிக் கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் தாய்மார் வீதியில் இறங்குகிறார்கள். இந்த முறையும் நான் வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கத்தில் லீவு சொல்லிவிட்டு, ஒட்டுசுட்டானில் காலை பஸ் ஏறி, மாங்குளம் சந்தியில் மாறி, கிளிநொச்சிக்குப் போனேன். ஒரு தாய் மகனின் படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு மார்போடு அணைத்து வைத்திருந்தார். உறைக்குள் வியர்வை இறங்கி, படத்தில் அந்தப் பையனின் ஒரு காது வெளிறிப் போயிருந்தது. "வேறு பிரதி இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். "இதிலிருந்துதான் பிரதி எடுக்க வேண்டும் பிள்ளை" என்றார்.

இரவு வீடு திரும்பி, பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக் கொடுத்துவிட்டு, அந்தச் செய்தியைக் கைபேசியிலேயே தட்டி ஆசிரியபீடத்துக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் பத்திரிகையில் வந்தது, அவர்களுடைய இணையத்தளத்திலும் வந்தது. தலைப்புக்குக் கீழே "எமது நிருபர்" என்று இருந்தது. எட்டு ஆண்டுகளாக எனக்கு அச்சில் உள்ள பெயர் அதுதான்.

மூன்று வாரம் கழித்துக் கற்கைநெறியில் ஒப்படை வந்தது. களத்துக்குப் போய், நேரில் கேட்ட குரல்களோடு ஒரு செய்திக் கட்டுரை எழுத வேண்டும். நான் அந்தத் தாயைப் பற்றி எழுதினேன். அச்சில் இடமில்லாமல் வெட்டப்பட்ட பகுதிகளையும் சேர்த்து, அன்றைய குறிப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் 71 வீதம் என்று சிவப்பில் காட்டியது. பூச்சியம் போட்டுவிட்டார்கள். பிறருடைய ஆக்கத்தைத் தன்னுடையதாகச் சமர்ப்பித்தார் என்று என் கோப்பில் எழுதியும் வைத்துவிட்டார்கள்.

ஏற்கெனவே அச்சில் வந்ததை ஒப்படையாகத் தரக்கூடாது என்று ஒரு விதி இருந்து, அதைச் சொல்லியிருந்தால் தலை வணங்கியிருப்பேன். வேறொன்று எழுதியிருப்பேன். எனக்கு எழுதுவதற்கா இந்த மண்ணில் பஞ்சம்? அவர்கள் சொன்னது அது அல்ல. "இது உங்களுடையது என்பதற்கு உங்கள் பெயர் அச்சான பக்கத்தைக் காட்டுங்கள்" என்கிறார்கள். குறிப்புப் புத்தகம் இருக்கிறது, குரல் பதிவு இருக்கிறது, நேரம் பதிந்த படங்கள் இருக்கின்றன, ஆசிரியபீடத்துக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி இருக்கிறது. எதுவும் செல்லாதாம். பெயர் வேண்டுமாம்.

பெயர்! இந்த மண்ணில் செய்திக்கு மேலே பெயர் போடுவது எப்படிப்பட்ட காரியம் என்று அவர்களுக்குத் தெரியாதா? 2000 ஒக்ரோபர் 19 இரவு யாழ்ப்பாணத்தில் ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜனை அவருடைய வீட்டிலேயே கொன்றார்கள். 2005 ஏப்ரலில் கொழும்பில் தராக்கி என்ற பெயரில் எழுதிய சிவராமைக் கடத்திக்கொண்டுபோய்ச் சுட்டார்கள். 2006 ஜனவரியில் திருகோணமலையில் சுகிர்தராஜன். ஊடகவியலாளர் பாதுகாப்பு என்ற அலகில் இந்தப் பெயர்களை இதே கற்கைநெறியில்தான் படித்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த அலகைப் படிப்பித்தவர்களே இன்று பெயர் அச்சான பக்கம் எங்கே என்று கேட்கிறார்கள் என்றால், அவர்கள் எங்களுக்கு எதைத்தான் படிப்பித்தார்கள்? துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகும் எங்கள் பக்கத்தில் செய்தி எழுதியவரைத் தேடி வீட்டுப் படலைக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. என் அம்மா இன்றும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலைப் பார்க்கிறார். "எமது நிருபர்" என்ற அந்த இரண்டு சொல்லுக்குள்தான் என் குடும்பம் இத்தனை ஆண்டுகள் நிம்மதியாகத் தூங்கியது.

எனக்கு இந்தப் பட்டம் சும்மா வந்த ஆசை அல்ல. 2009இல் எனக்கு 18 வயது. உயர்தரப் பரீட்சையை, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்துதான் எழுதினேன். புத்தகமெல்லாம் எங்கோ பதுங்கு குழிக்குள் கிடந்தது. சித்தியடைந்தேன், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குப் புள்ளி போதவில்லை. பிறகு கல்யாணம், பிள்ளைகள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை, மாலையில் செய்தி. அலுவலகங்களில் கேள்வி கேட்கப் போனால் முதலில் என் தகைமையைக் கேட்பார்கள். ஒரு நாள் அவர்கள் முன்னால் பட்டதாரியாக நிற்க வேண்டும் என்றுதான் சங்கிலியை அடைவு வைத்து முதல் தவணையைக் கட்டினேன்.

"வேலையை விடாமல் படிக்கலாம்" என்றுதான் விளம்பரம் போட்டார்கள். அதை நம்பித்தான் சேர்ந்தேன். முதல் அரையாண்டில் இணையவழி வகுப்புகள் சனி, ஞாயிறில் நடந்தன. அதன் பிறகு விரிவுரையாளரின் வசதிக்காகப் புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மாற்றிவிட்டார்கள். புதன் 2 மணிக்கு வேலைக்குப் போகிறவர் எங்கே இருப்பார் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. பதிவைப் பார்த்துப் படிக்கலாம், ஆனால் வரவு விழாது. வரவு 80 வீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அதனால் சங்கத்தின் களஞ்சிய அறையில், சீனி மூட்டையில் கைபேசியைச் சாய்த்து வைத்து, ஒரு காதில் வகுப்பும் மறு காதில் முகாமையாளர் கூப்பிடும் குரலுமாகப் படிக்கிறேன். ஒரு மணி நேர வகுப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு ஜிபி டேட்டா போகிறது. மாதக் கடைசியில் பிள்ளையின் பால்மாவா ரீலோடா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை நல்ல மழை. தகரக் கூரையில் மழை அடித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. கேள்விக்குப் பதில் சொல்ல ஒலிவாங்கியைத் திறந்தேன். "என்ன இரைச்சல் அது, அமைதியான இடத்துக்குப் போய்ச் சேருங்கள்" என்று சொல்லி என் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார் விரிவுரையாளர். எங்கே போவது? கவரேஜ் கிடைக்கும் அடுத்த இடம் குளக்கட்டு. அந்த மழையில் அங்கேயா ஏறி நிற்பது? அன்றைக்குக் கமரா 20 நிமிடம் இருண்டிருந்தது என்று வரவும் வெட்டப்பட்டது.

பாடத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்தாலும் எரிகிறது. தகவல் உரிமை என்றால் அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு முழு விரிவுரை. எங்கள் நாட்டின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டத்துக்கு ஒரே ஒரு ஸ்லைட்தான். அந்தச் சட்டத்தின் கீழ் நானே எங்கள் வீதித் திருத்தம் பற்றி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் யாரிடம் மேன்முறையீடு செய்வது என்பதெல்லாம் வாசலில் காத்துக் காத்துக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் அதைச் சொல்ல வாயெடுத்தபோது நேரம் போதாது என்றார்கள்.

இவற்றையெல்லாம் பொறுத்தேன். மழையையும் பொறுத்தேன், வரவையும் பொறுத்தேன். ஆனால் அந்தத் தாயின் வார்த்தையை நான் எங்கிருந்தோ களவெடுத்தேன் என்பதை எப்படிப் பொறுப்பது? அவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். என் கோப்பிலிருந்து அந்தக் குற்றச்சாட்டை அழிக்கும்வரை விடமாட்டேன். பட்டம் தராவிட்டாலும் பரவாயில்லை, அதை அழிக்க வேண்டும்.

நேற்று இரவு மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்பினேன். பத்திரிகை ஆசிரியர் கடிதம் தந்துவிட்டார், அதை ஏற்றினேன். கடைசிக் கட்டத்தில் "சான்று" என்று ஒரு பெட்டி. அதில் அன்றைய குரல் பதிவை ஏற்றினேன், ஏழு நிமிடம், அந்தத் தாயின் குரல். பெட்டி ஏற்கவில்லை. மறுபடியும் ஏற்றினேன். பி.டி.எப். கோப்பு மட்டும்தான் ஏற்கப்படும் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு 11.59க்குக் காலக்கெடு. இப்போது அந்த ஏழு நிமிடத்தையும் கேட்டுக் கேட்டு, சொல் சொல்லாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.