கை தூக்கிக் கேட்க வேண்டாதவை

நான் கணக்கு டீச்சர். பல வருடங்களுக்கு முன்னால் என் ஏழாம் வகுப்பில் டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பையன் ஒருவன் இருந்தான். வருட ஆரம்பத்திலேயே அவன் அம்மா வந்து, அவனுக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். மடித்து டைரிக்குள் வைத்தேன். படித்தேனா என்றால், மேலோட்டமாக. சர்க்கரைதானே, இனிப்பு சாப்பிடக் கூடாது, அவ்வளவுதானே என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த அறிவு.

ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட். போர்டில் பின்னக் கணக்கு. எப்போதும் முதலில் முடித்துவிடுகிற பையன் அன்றைக்கு ஒரே வரியை மூன்று தடவை அழித்து எழுதிக்கொண்டிருந்தான். "கவனம் எங்கே இருக்கு?" என்று திட்டினேன். வெடுக்கென்று பதில் சொன்னான், அது அவன் சுபாவமே இல்லை. கொஞ்ச நேரத்தில், "டீச்சர், லோ ஆகுது" என்றான், அதாவது ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது என்று. "அஞ்சு நிமிஷம் இரு, இதை முடிச்சிடறேன்" என்றேன். முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்த பிறகுதான் ஆபீஸ் ரூமுக்கு அனுப்பினேன். தனியாக.

பாதி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். துப்புரவு வேலை செய்யும் அக்காதான் பார்த்திருக்கிறார். அவர் வீட்டிலும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர் உண்டு என்பதால் விஷயம் புரிந்து, பையனின் சட்டைப் பையைத் துழாவி, அங்கே இருந்த குளுக்கோஸ் மாத்திரைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஆமாம், மாத்திரை அவன் பையிலேயே இருந்தது. வகுப்பு நேரத்தில் யாரும் எதையும் வாயில் போடக் கூடாது என்பது என் சட்டம். அதை மீறப் பயந்துதான் அவன் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

அன்றிலிருந்து இந்த நோயை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. இந்தக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வரும் சிக்கலில் பெரும்பகுதி அனுமதி சம்பந்தப்பட்டது. சாப்பிட, தண்ணீர் குடிக்க, கழிப்பறை போக, சர்க்கரை அளவு பார்க்க: இந்த நான்குக்கும் கை தூக்கிக் கேட்கிற நிலை இருக்கும் வரை, அறையில் எத்தனை முதலுதவிப் பெட்டி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன். இந்த நோய் இனிப்பு அதிகம் தின்றதால் வந்தது கிடையாது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து இன்சுலின் போட்டாக வேண்டும், ஊசியாகவோ பம்ப் மூலமாகவோ. 1922 ஜனவரியில் டொரொண்டோவில் முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது ஒரு 14 வயதுப் பையனுக்கு. நம் வகுப்பில் உட்காருகிற வயதுதான். அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு வருடங்களுக்கு மேல் தாங்கியதில்லை.

போட்ட இன்சுலின் கொஞ்சம் கூடிவிட்டால், சாப்பாடு தள்ளிப்போனால், ஓடியாடினால் சர்க்கரை இறங்கும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது லோ. மூளைக்கு எரிபொருள் குளுக்கோஸ் என்பதால் முதலில் தடுமாறுவது அதுதான். கணக்கு தப்பும், காரணமில்லாமல் கோபம் வரும், அழுகை வரும். நாம் அதை ஒழுங்கீனம் என்று எழுதிவைப்போம். பெரிய பிள்ளை என்றால் சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது ஜூஸோ குளுக்கோஸ் மாத்திரையோ உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு அளவு குறையும், அது அந்தத் தாளில் இருக்கும். சாக்லேட் கொடுக்காதீர்கள், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் போடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வீட்டில் குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) கொடுத்து வைத்திருந்தால் பழகிய ஒருவர் அதைப் போட, இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மூக்கில் அடிக்கிற குளுக்ககானும் இருக்கிறது, ஊசி என்றால் கை நடுங்குகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

லோ ஆன பிள்ளையை எங்கேயும் தனியாக அனுப்பாதீர்கள். இதைச் சொல்கிற தகுதி எனக்கு எப்படி வந்தது என்று மேலேயே எழுதிவிட்டேன்.

சர்க்கரை ஏறினால் வேறு கதை. தாகம் எடுக்கும், திரும்பத் திரும்பச் சிறுநீர் வரும். 'பாத்ரூம் பாஸ்' என்று ஒரு பீரியடுக்கு ஒரு தடவை கணக்கு வைக்கிற பள்ளிகள் இந்தப் பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் கெஞ்ச வைக்கின்றன. ஏறிய நிலையில் வாந்தியும் வந்தால் வயிற்றுக் கோளாறு என்று படுக்க வைத்துவிடக் கூடாது. இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்கிற அமிலம் ஏறியிருக்கலாம், அது ஆபத்து. உடனே வீட்டுக்கும் மருத்துவருக்கும் சொல்ல வேண்டும்.

அப்புறம் இந்த மொபைல் விவகாரம். வகுப்பில் போன் கூடாது என்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் இப்போது பல பிள்ளைகள் கையிலோ வயிற்றிலோ சர்க்கரை அளவு பார்க்கும் சென்சார் ஒட்டியிருக்கிறார்கள். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை அனுப்புவது போனுக்குத்தான். அந்தப் போனைப் பிடுங்கி லாக்கரில் வைப்பது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போர்டைப் படி என்று சொல்வது போல. தேர்விலும் இதே கதைதான். போன், சர்க்கரை பார்க்கும் மீட்டர், குளுக்கோஸ், தண்ணீர் எல்லாம் மேசையில் இருக்கலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், அன்றைக்குக் காலையில் கண்காணிப்பாளரிடம் வாதாட விடக் கூடாது. லோ ஆகி எழுந்த பிள்ளைக்கு எண் சரியாகிவிட்டாலும் தலை தெளிய இன்னும் நேரம் பிடிக்கும். இழந்த நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

விளையாட்டுக்கு அனுப்பாமல் ஓரமாக உட்கார வைப்பதை அக்கறை என்று நினைக்கிறார்கள். தேவையே இல்லை. ஆடுவதற்கு முன் அளவு பார்த்துவிட்டு, குளுக்கோஸ் மைதானத்திலேயே பி.டி. சார் பையில் இருந்தால் போதும். இரண்டாம் மாடி வகுப்பறையில் இருக்கும் பைக்குள் இருந்து என்ன பயன்?

"இவனுக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள்" என்று ஸ்டாஃப் ரூமில் எப்போதும் ஒருவர் சொல்வார். நானே சொல்லியிருக்கிறேன். நடைமுறையில் யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு நம்மைவிடச் சீக்கிரம் புரிகிறது. ஆனால் இன்னொரு பயம் நியாயமானது: "நான் டீச்சர், நர்ஸ் இல்லை. ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" அதற்குப் பள்ளி நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். குறைந்தது இரண்டு மூன்று பேருக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, பொறுப்பை எழுத்தில் வைக்க வேண்டும். ஒருவர் லீவு போட்டாலும் இன்னொருவர் இருக்க வேண்டுமே. பதிலி ஆசிரியருக்கும் பஸ் டிரைவருக்கும் சுருக்கமாகவாவது தெரிந்திருக்க வேண்டும். அதைச் செய்யாத பள்ளிகளில் என்ன நடக்கிறது? ஆறு வயதுக் குழந்தைக்கு மதிய ஊசி போட, அம்மா வேலையை விட்டுவிட்டுத் தினமும் கேட் வாசலில் வந்து நிற்கிறார்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அசெம்பிளியில் நிறுத்தி அறிவிக்காதீர்கள். பதின்ம வயதில் ஊசியை மறைக்கிற, சில சமயம் போடாமலே விடுகிற பிள்ளைகள் உண்டு, 'பாவம்' என்கிற பார்வைக்குப் பயந்து. யாருக்குச் சொல்லலாம் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போய்விடாதீர்கள். எதிரே உட்கார்ந்து எங்களைப் படிக்க வையுங்கள். மீட்டரை எங்கள் கையில் கொடுத்து ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். டைரிக்குள் மடித்து வைக்கிற ஆட்கள் நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.