கொங்கு நாட்டு எஃப்.எம். கதை கொடைக்கானலில் இருக்கிறது

கோவையில் எஃப்.எம். எப்போது வந்தது என்று கேட்டால் பலரும் 2003 வாக்கில் வந்த சூரியன் எஃப்.எம்மைச் சொல்வார்கள். மாநகரத்துக்காரர்களுக்கு அது சரி. உடுமலை, தாராபுரம் பக்கம் கேளுங்க, "கோடை பண்பலை"தான் பதில்.

அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையம், 100.5 மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஆன்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் எட்டும். கொடைக்கானலோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை வைத்தால் கேட்கணுமா? மலைக்குக் கீழே பழனியில் தொடங்கித் தோட்டத்துச் சாளை, டீக்கடை, டவுன் பஸ் எல்லாவற்றிலும் அதே குரல்தான். தறிக்குடோனில் மட்டும் சத்தத்தை முழுசாக வைத்தாலும் பாட்டு பாதிதான் காதில் விழும், அது வேறு கதை.

தனியார் நிலையங்கள் நகரத்தை விட்டு வெளியே வராததற்கு ஒரு காரணம் பணம். முதல் கட்ட ஏலத்தில் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும்படி வைத்தார்கள். வருமானம் வருகிறதோ இல்லையோ, கட்டியே ஆகணும். 2005இல்தான் அதை மாற்றி, வருவாயில் 4 சதவீதம் என்று ஆக்கினார்கள். அப்புறம்தான் கோவையில் போட்டியே சூடு பிடித்தது. ஆர்ஜேக்கள் நம்ம "ஏனுங்க"வை மைக்கில் பேசியதும் அந்தச் சமயத்தில்தான் காதுக்குப் பழகியது. 2011 கொள்கையில் ஒரே நிறுவனத்தின் நிகழ்ச்சியை அதன் எல்லா ஊர் நிலையங்களிலும் ஒலிபரப்பலாம் என்று அனுமதித்தார்கள். செலவு மிச்சம், வாஸ்தவம். ஆனால் சென்னை டிராஃபிக் ஜோக்கைக் கேட்டுப் பொள்ளாச்சிக்காரர் எதற்குச் சிரிக்கணும்?

"செய்தி சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லையே" என்பார்கள் தனியார் நிலையத்துக்காரர்கள். பாதி உண்மை. சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாதுதான். ஆனால் அதே 2011 கொள்கை போக்குவரத்து, வானிலை, மின்சாரம், குடிநீர், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, திருவிழா இதெல்லாம் செய்தி இல்லை, தாராளமாகச் சொல்லலாம் என்கிறது. ஒரு உள்ளூர் ரேடியோவுக்கு இதைவிட வேறென்ன வேணும்? நான் கேட்ட வரைக்கும் இதற்கு ஒதுக்குகிற நேரம் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குக் கூட ஈடாகாது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எந்த மண்டலத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், சிறுவாணித் தண்ணீர் நாளைக்கு வருமா, எந்த மின்பாதையில் பவர் கட்? தினமும் காலையில் 2 நிமிஷம் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் போடட்டும்.