பாப்பா எந்த ஸ்கூல்?

வில்லன் வீட்டுக்குள் வருகிறான், நாற்காலியில் அமர்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறான், பிறகு சாட்சி சொல்லத் துணிந்த அப்பாவிடம் "பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்கிறா?" என்று மெல்லக் கேட்கிறான். பல படங்களில் பார்த்துப் பழகிய இந்தக் காட்சியில் மிரட்டல் என்று சுட்டிக்காட்ட ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் அப்பாவின் முகம் வெளுத்துவிடுகிறது.

சொல்வதும் ஒரு செயலே என்று விரிவாக வாதிட்டவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின். 1955இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள், அவர் மறைந்தபின் 1962இல் நூலாக வந்தன. வாயிலிருந்து வரும் வாக்கியம், அதைச் சொல்வதால் நிகழ்த்தப்படும் செயல், கேட்டவரிடம் அது உண்டாக்கும் விளைவு என்று மூன்றையும் அவர் பிரித்துக் காட்டினார். இந்தக் காட்சியில் வாக்கியம் வினா, செயல் மிரட்டல், விளைவு அச்சம். நம் நன்னூலும் வினாவை, வினவுபவரின் நிலையையும் நோக்கத்தையும் வைத்தே ஆறாகப் பகுக்கிறது. விடை தெரிந்தே கேட்பது அறிவினா; ஒன்றைச் செய்யுமாறு ஏவுவதற்குக் கேட்பது ஏவல் வினா. வில்லனுக்குப் பள்ளியின் பெயர் முன்பே தெரியும், 'சாட்சிக்கூண்டில் ஏறாதே' என்பதுதான் அவன் ஏவல் என்பதால், இந்த ஒரு கேள்வி இரண்டு வகையிலும் அடங்கிவிடுகிறது.

அடுத்து அப்பா, "நான் போலீஸுக்குப் போகலாம்ல?" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "தாராளமா போங்க. ரோட்டுல லாரி நிறைய வருது, அடிபட்டுடும்" என்பது பதில். "ஆடுவாயா?" என்றதற்குக் "கால் வலிக்கும்" என்பதைப் போல, இது இனி நேரப்போவதையே விடையாகச் சொல்லும் உறுவது கூறல் விடை. நாளை யாராவது விசாரித்தால் அக்கறையில் சொன்னதாகச் சாதிக்கலாம். மிரட்டலின் மீதிப் பாதியைக் கேட்டவரே தம் மனத்தில் எழுதி முடித்துக்கொள்கிறார். தொண்டை கிழியக் "கொன்னுடுவேன்" என்று கத்தும் வில்லன்கள் என்னை ஒருபோதும் பயமுறுத்தாததற்குக் காரணம் இதுதான்: அவர்கள் நமக்கு எழுத எதையும் மிச்சம் வைப்பதில்லை.

பேச்சு செயலாவதற்குத் தகுந்த சூழலும் வேண்டும் என்பார் ஆஸ்டின். வாசலில் நிற்கும் நான்கு அடியாட்கள்தான் அந்தச் சூழல். அவர்கள் அடிபட்டு விழுந்தபின் கிளைமாக்ஸில் அதே வசனத்தைச் சொல்லும் வில்லனைப் பார்த்துத் தியேட்டர் சிரிக்கிறது.

'16 வயதினிலே' (1977) பரட்டையின் "இது எப்படி இருக்கு?" எந்த வகை என்று வெகுநாள் குழம்பியிருக்கிறேன். என் தீர்ப்பு, ஏவல் வினா: கூட இருப்பவர்கள் உடனே பாராட்டியாக வேண்டும்.